பாடையில் ஏறிய வண்டி

பழைய பஸ் ஸ்டாண்டுக்கு இன்னும் நானூறு அடி இருக்கும்போது எழிலரசியின் மொபெட் வண்டி நின்றது. நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். காலையில் சேத்துப்பட்டுப் பக்கத்து ஊரிலிருந்து கிளம்பும்போதே டாங்கின் மூடியைத் திறந்து, வண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டி, உள்ளே சலசலப்பைக் கேட்டுத்தான் ஏறினாள். இறக்கம் வந்த இடத்திலெல்லாம் எஞ்சினை அணைத்து உருட்டிக்கொண்டு வந்தாள். ஆனால் ஆரணி வரைக்கும் இறக்கமாகவே ரோடு போட யாரால் முடியும்?

மணி பத்தே முக்கால். பன்னிரண்டுக்குள் புடவை கடையில் இருக்க வேண்டும்.

வண்டியின் பின்பக்கம் போல்ட் வைத்து முடுக்கிய தகரப் பெட்டி. பெட்டிக்குப் பூட்டு. உள்ளே வெள்ளை வேட்டித் துணியில் சுற்றிய ஒரே ஒரு பட்டுப்புடவை. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. முகூர்த்தப் புடவை. நெய்தவன் அவள் ஊர்க்காரன் மாணிக்கவேல். அவனும் அவன் மனைவியுமாகப் பதினெட்டு நாள் தறியில் உட்கார்ந்து, நேற்று விளக்கு வைத்த பிறகுதான் தறியிலிருந்து அறுத்தார்கள். பெண் வீட்டார் தேசூரிலிருந்து வாடகை வேனில் வருகிறார்கள். பன்னிரண்டுக்கு மேல் ஒரு நிமிஷம் நின்றாலும் தனிக் கூலி என்று வேன்காரன் முன்னாலேயே சொல்லிவிட்டானாம். டீசல் விற்கிற விலையில் அவன் வேறு எப்படிச் சொல்வான்.

"பன்னெண்டு அடிச்சா அவங்க பாட்டுக்கு வேற பொடவைய எடுத்துகினு போயிடுவாங்க. அப்புறம் கேட்டு வாங்கின இந்தக் கலர யாரு தலையில கட்றது? மாணிக்கவேல் தலையிலதான்," என்று கடை முதலாளி இராஜமாணிக்கம் சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிறவர். விலை போகாத புடவைக்குக் கூலியை நிறுத்திவைப்பது அவருக்குக் கைவந்த காரியம்.

எழிலரசி தறி போடுகிறவள் இல்லை. ஊர்ப்புறத்துத் தறிகளில் அறுத்த புடவைகளைச் சேகரித்துக் கடையில் சேர்ப்பாள். திரும்பும்போது அடுத்த புடவைகளுக்கான பாவு நூலையும் ஜரிகையையும் ஏற்றிக்கொண்டு போவாள். புடவைக்கு இவ்வளவு என்று கூலி. பெட்ரோல் அவளுடையது. அந்தப் பேச்சு எட்டு வருஷத்துக்கு முந்தியது. அப்போது பெட்ரோல் எழுபதைத் தொடவில்லை. இப்போது நூறைத் தாண்டிப் போய்விட்டது. கூலி மட்டும் நல்ல பிள்ளையாக உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. தினமும் வந்துகொண்டிருந்தவள் வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைத்துக்கொண்டாள். ஒற்றைப் புடவைக்காக ஓடினால் கைநஷ்டம்தான். இன்று அவசரம் என்பதால் ஓடி வந்தாள்.

போன மாதம் வாயைத் திறந்து கேட்டும் பார்த்தாள். இராஜமாணிக்கம் டெல்லியில் ஆளுகிற கட்சியின் பக்கம். கல்லாவுக்கு மேலே சாமி படத்தை ஒட்டித் தலைவர் படம் மாட்டியிருப்பார்.

"நாட்டுக்கு ரோடு போடணும். எல்லையில ராணுவம் நிக்கணும். இதெல்லாம் எங்கேர்ந்தும்மா வரும்? நாம கொஞ்சம் பொறுத்துகினு போவணும்," என்றார். 'நாம' என்றபோது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். அவர் வண்டிக்குப் பெட்ரோல் கடைச் செலவில் போடுவது. எழிலரசிதான் பொறுத்துக்கொண்டாள்.

இப்போது வண்டியைத் தள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு ஓரம் வந்தபோது அங்கே கூட்டமாக இருந்தது. கட்சிக்கொடி, மைக்செட், பிளாஸ்டிக் நாற்காலிகள். பெட்ரோல் விலை உயர்வைக் கண்டித்து ஆர்ப்பாட்டம். இன்று கூடியிருப்பவர்கள் டெல்லியைத் திட்டுகிறவர்கள். நேற்று இதே இடத்தில் வேறு கொடியோடு கூடியவர்கள், மாநிலத்து வரியைக் குறைக்கவில்லை என்று கோட்டையைத் திட்டினார்கள். மைக்செட் இரண்டு நாளும் ஒரே மைக்செட். நேற்று மாட்டு வண்டியில் ஒரு தலைவரை ஏற்றி இழுத்துப் போனார்கள். இன்றைக்கு மூங்கில் பாடை ஒன்று கட்டித் தயாராக வைத்திருந்தார்கள்.

கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் கடை. இன்னும் திறக்கவில்லை. எழிலரசியின் வண்டிக்கு ஸ்டாண்டு உடைந்து நாலு மாதம் ஆகிறது. கடைச் சுவரில் சாய்த்து நிறுத்தினாள். பெட்டியைத் திறந்து புடவையை எடுக்கப் போனவள், நிதானித்து மறுபடி பூட்டினாள். கடைக்கு நடந்தே போய்விடலாம்தான்; ஆனால் பாவு ஏற்றிக்கொண்டு திரும்ப வண்டி வேண்டும், நேரமும் இன்னும் இருந்தது.

பட்டுப்புடவையையும் பெட்ரோலையும் ஒரே கையில் தூக்கக் கூடாது. தறி வைத்திருக்கிற வீட்டில் குழந்தைக்குக்கூட இது தெரியும். பட்டு வாடையைக் குடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் விளக்குக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி வைத்த புடவையை மடிப்பைப் பிரித்த உடனேயே கடைக்காரர் முகர்ந்து தள்ளிவிடுவார். திரும்பி வரும்போது கையில் பெட்ரோல் பாட்டில் இருக்கும். புடவை பெட்டியிலேயே இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டு, பட்டப்பகல், இத்தனை ஜனம். எவன் எடுக்கப் போகிறான்?

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

பெட்ரோல் பங்க்கில் வரிசை. முன்னால் மூன்று பேர் வண்டியில் உட்கார்ந்தபடியே வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள்.

"ஏத்தினது டெல்லி. அத்த மொதல்ல ஒத்துக்க."

"பாதி வரி இங்கதான வாங்கறாங்க? அத்தக் கொறைக்கச் சொல்லேன். அதுக்கு மட்டும் வாய் வராது."

"ரெண்டு பேரும் சட்டசபைல போயி பேசிக்கங்க. இப்போ வண்டிய நவுத்து, பின்னால நாங்க பேஜாராயிகினு கீறோம்," என்றார் மூன்றாவது ஆள்.

எழிலரசி வரிசையைத் தாண்டிக்கொண்டு போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பெட்ரோல் போடுகிற பெரியவர் தலையை ஆட்டினார்.

"பாட்டில்ல ஊத்தறதில்லம்மா. கேமரா கீது பார்."

"வண்டி பஸ் ஸ்டாண்டாண்ட நின்னுபோச்சுங்க. தள்ளிகினு வந்தா நேரம் ஆயிடும். முகூர்த்தப் பொடவ கீதுங்க வண்டில."

பெரியவர் கேமராவைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார். செருப்பின் வார் ஒன்று அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு அரை லிட்டர் ஊற்றினார்.

"மூடி சரியில்ல. முந்தானைக்குள்ள வெச்சிகினு போ. யாராவது பாத்துடப் போறாங்க."

அவள் அப்படியே செய்தாள்.

திரும்பி வந்தபோது மெக்கானிக் கடைச் சுவரில் வண்டி இல்லை.

ஒரு நிமிஷம் அவளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. சுவர் இருந்தது. சுவரில் வண்டி சாய்ந்திருந்த கைப்பிடித் தடம் இருந்தது. சாவு மேளம் காதைப் பிளந்தது. கூட்டம் ஊர்வலமாக நகர ஆரம்பித்திருந்தது. தலைகளுக்கு மேலே பாடை. பாடையின் மேல், கயிறு போட்டு இறுக்கி, சாமந்தி மாலை சாத்தி, முன்விளக்குக்குச் சந்தனப் பொட்டு வைத்து, அவள் வண்டி.

நடந்தது இதுதான். பாடையில் ஏற்றுவதற்கு ஒரு பழைய வண்டி வேண்டும் என்று மெக்கானிக்கிடம் முன்னாலேயே சொல்லிவைத்திருந்தார்கள். காயலான் கடைக்குப் போக வேண்டிய மொபெட் ஒன்றைச் சுவரில் சாய்த்து வைப்பதாக அவனும் சொல்லியிருந்தான். அவன் இன்னும் வரவில்லை. சாய்ந்திருந்த வண்டி இருந்தது. பெயிண்ட் உதிர்ந்தது, ஸ்டாண்டு இல்லை, ஆட்டிப் பார்த்தால் டாங்க் காலி. செத்த வண்டி என்பதற்கு இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? பூட்டிய பெட்டியில் என்ன இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை; நாலு பேர் சேர்ந்து தூக்கிக் கட்டிவிட்டார்கள்.

"ஐயோ, அது என் வண்டி!"

அவள் கத்தியது மேளத்தில் போனது. கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினாள். ஒரு கை முந்தானைக்குள் பாட்டிலை இறுக்கிப் பிடித்திருந்தது. மூடி தளர்ந்து, இடுப்பு நனைந்து, பெட்ரோல் வாடை அவளைச் சுற்றிக் கிளம்பியது.

பந்தோபஸ்துக்கு நின்ற கான்ஸ்டபிள் பானுப்ரியாவுக்கு அந்த வாடை முதலில் எட்டியது. சின்னப் பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட இருக்காது. முகம் வெளிறி, தலை கலைந்து, முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு ஒரு பெண் பாடையை நோக்கி ஓடி வருகிறாள். கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கிற நாட்களில் இப்படி வருகிறவர்களைத்தான் முதலில் பார் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"சார், பாட்டில்! பாட்டில்!"

பானுப்ரியா பாய்ந்து எழிலரசியின் மணிக்கட்டைப் பிடித்தாள். இன்னொரு கையால், ஊர்வலத்தின் முன்னால் ஒருவர் தோளில் வைத்திருந்த சாவுக் குடத்தைப் பிடுங்கி, இருந்த தண்ணீர் அத்தனையையும் எழிலரசியின் தலையில் கவிழ்த்தாள்.

மேளம் நின்றது.

"விடுங்க மேடம். நான் ஒண்ணும் பண்ணல. அது வண்டிக்கு."

"எதுவா இருந்தாலும் ஸ்டேஷன்ல பேசிக்கலாம்க்கா. உயிர வுடறதுக்கு இதாக்கா காரணம்?" என்றாள் பானுப்ரியா. அவளுக்கு எழிலரசியைவிடப் பயமாக இருந்தது.

அதற்குள் நாலைந்து செல்போன்கள் உயர்ந்துவிட்டன. நகரச் செயலாளர் அன்புச்செல்வன் கும்பலைப் பிளந்துகொண்டு வந்தார். கஞ்சி மொடமொடக்கும் வேட்டி. கையில் ஒயர்லெஸ் மைக். அவளை ஒரு பார்வை பார்த்தார். எத்தனை ஆர்ப்பாட்டம் நடத்தியிருக்கிறார், இப்படி ஒரு ஆள் தானாக வந்து அமைந்ததில்லை.

"பொதுமக்களே, பாருங்கள்! விலைவாசியின் கொடுமை தாங்காமல் ஆரணி மண்ணின் ஒரு சகோதரி தன்னையே மாய்த்துக்கொள்ளத் துணிந்த காட்சியை டெல்லியில் இருப்பவர்கள் பார்க்கட்டும்! எம்மா, உன் பேரு இன்னா?"

"எழிலரசி. அண்ணே, அந்தப் பெட்டிய மட்டும்—"

"சகோதரி எழிலரசி!"

கைதட்டல். யாரோ வாழ்க போட்டார்கள். எஸ்.ஐ. ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார்.

"பேச்செல்லாம் அப்புறம். அந்தம்மாவ ஜீப்ல ஏத்து, பாட்டில சீஸ் பண்ணு."

"எங்க போராட்டத்துல கலந்துக்க வந்தவங்கள நீங்க எப்படி சார் ஏத்துவீங்க?"

"நான் கலந்துக்க வரலீங்க," என்றாள் எழிலரசி. இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. ஜீப்பில் ஏறினால் எழுதி, கையெழுத்து வாங்கி, வெளியே விட மூன்று மணி ஆகும். வண்டியைத் திருடிவிட்டார்கள் என்று சொன்னால் வண்டியும் பெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போகும். செயலாளர் சொல்கிறபடி ஆமாம் என்றால் மாலை வரை மேடையில் உட்கார வைத்துவிடுவார்கள். மூன்றிலும் பன்னிரண்டு மணிக்குப் புடவை இல்லை. எதிரே டீக்கடைச் சுவரில் மணி பதினொன்று இருபது.

அன்புச்செல்வனின் கையில் இருந்த மைக்கை அவள் பிடுங்கிவிட்டாள். பிடுங்கிய பிறகுதான் பிடுங்கியது தெரிந்தது. ரேஷன் கடையில் எடை குறைந்தால்கூட வாய் திறக்காதவள்.

"அது செத்த வண்டி இல்லீங்க. என் வண்டி. பெட்ரோல் இல்ல, அவ்ளோதான். பெட்டிக்குள்ள கல்யாணப் பொடவ கீது. பன்னெண்டுக்குள்ள கடையில சேக்கணும். இல்லாட்டி நெய்ஞ்சவரோட கூலி போயிடும். எறக்கி வுடுங்க, கும்பிட்டுக் கேக்கறேன்."

மைக்செட் நாலு தெருவுக்கு அதைச் சொன்னது. கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்து பாதியிலேயே அடங்கியது. பாடையின் முன்பக்கக் கம்பைத் தோளில் வைத்திருந்த ஆட்டோக்காரன் துரை நாக்கைக் கடித்துக்கொண்டான். சுவரிலிருந்து வண்டியைத் தூக்கியவன் அவன்தான்.

"யக்கா, மன்னிச்சிடு. ஓடாத ஆக்கர் வண்டின்னு நெனச்சிட்டேன்."

"எறக்குப்பா மொதல்ல."

"பெட்டியையும் சேத்து இருவது முடிச்சு போட்டுகீறோம்க்கா. அவுக்கவே அரை மணி ஆவும். கடை எங்க, சொல்லு?"

"பட்டுக்கடைத் தெரு."

"நடந்தா பத்து நிமிசம். டேய், தூக்கிகினுதான நிக்கறோம்? அங்க போயி எறக்கினா ஆச்சு. ஜல்தி, தூக்குங்கடா!"

"அந்த ரூட்டுக்குப் பர்மிஷன் இல்ல," என்றார் எஸ்.ஐ.

"பர்மிஷன் குடுத்த ரூட்ல போனா நாளைக்கு நீங்களா சார் அந்தப் பொடவைய வாங்குவீங்க?" என்றான் துரை. கூட்டம் இந்தத் தடவை முழுசாகச் சிரித்தது. எஸ்.ஐ. பானுப்ரியாவைப் பார்த்தார். பிறகு எழிலரசியின் சொட்டச் சொட்ட நனைந்த தலையைப் பார்த்தார். வெயில், கூட்டம், செல்போன்கள். கேஸ் எழுதுவதில் அவருக்கும் ருசியில்லை.

"பாட்டில் எங்ககிட்ட இருக்கட்டும். சாயந்திரம் வந்து எழுதிக் குடுத்துட்டுப் போகணும். கூடப் போ பானுப்ரியா."

பாடை கிளம்பியது. பாடை கிளம்பினால் மேளமும் கிளம்பும். அது பழக்கம், யாரும் சொல்ல வேண்டியதில்லை. எழிலரசி பாடைக்கு முன்னால் ஓடினாள், பின்னால் ஓடினாள். "மேளத்த நிறுத்துங்கண்ணே, கல்யாணப் பொடவ கீதுண்ணே," என்று மேளக்காரர்களைக் கெஞ்சினாள். "பன்னெண்டு வரிக்கும் பேசிகீறாங்கம்மா. சும்மா வந்தா காசு குடுக்க மாட்டாங்க," என்றார் ஒருவர், அடிப்பதை நிறுத்தாமல்.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. இவ்வளவு நேரம் மணியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். முகூர்த்தப் புடவை பாடையில் போகிறது. மாலை போட்டு, மேளம் அடித்து, நாலு பேர் தோள் கொடுத்து. கல்யாணச் சாமானோடு போகிறவர்கள் சாவு வீடு இருந்தால் தெருவையே மாற்றிக்கொள்கிற ஊர் இது. கடைக்குள்ளே தேசூர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போது இந்தப் பாடை வாசலில் போய் நின்றால் என்ன ஆகும்?

பட்டுக்கடைத் தெருவின் முனையிலேயே குறுக்கே நின்று இரண்டு கையையும் விரித்தாள்.

"இங்கியே எறக்குங்க. உள்ள வர வேணாம்."

இறக்கினார்கள். சாவியைத் துரையிடம் கொடுத்தாள். அவள் கையில் ஈரமும் பெட்ரோலும். வழியில் குலுங்கித் தளர்ந்திருந்த கயிற்றை விலக்கித் துரை பெட்டியைத் திறந்தான். மூட்டை அப்படியே இருந்தது, வெள்ளையாக, உலர்ந்து. அவன் தோளில் கிடந்த கட்சித் துண்டை உதறிக் கொடுத்தான். அதை உள்ளங்கையில் விரித்து, அதன் மேல் புடவையை வாங்கிக்கொண்டு நடந்தாள். பானுப்ரியா கடை வரை கூட வந்து வாசலில் நின்றுகொண்டாள்.

மணி பதினொன்று ஐம்பது.

இராஜமாணிக்கம் வாசலுக்கே வந்துவிட்டார். ஈரத்தைப் பார்த்தார். போலீஸைப் பார்த்தார். அவள் கையில் இருந்த துண்டின் கரை நிறத்தைப் பார்த்தார். மூன்றில் துண்டுதான் அவரைச் சுட்டது.

"என்னாம்மா இது! இந்தத் துண்டோட என் கடையில ஏறுவியா?" மூட்டையை மட்டும் உருவிக்கொண்டார். "ஈரத்தோட உள்ள வராத. படியிலயே நில்லு."

அவள் படியில் நின்றாள். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே தெரிந்தது. வெள்ளை மெத்தையில் புடவை பிரிந்தது. கல்யாணப் பெண் நிலா, ஒல்லியான பெண், புடவையின் தலைப்பைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். திரும்பிப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். அவள் அம்மா ரேணுகாம்பாள் முகத்தில் நாலு மாதக் கல்யாண அலைச்சலின் களைப்பு கொஞ்சம் இறங்கியது. எழிலரசி மூச்சை விட்டாள்.

விட்ட மூச்சு வெளியே வருவதற்குள், பெண்ணோடு வந்திருந்த பையன் ஒருவன் செல்போனை ரேணுகாம்பாளிடம் நீட்டினான். 'ஆரணியில் பெண் தீக்குளிக்க முயற்சி' என்று எவனோ குரூப்பில் போட்டுவிட்டான். பாடை தெரிந்தது, பாடையின் மேல் வண்டி, வண்டியில் பெட்டி. பெட்டியின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் கடையின் பெயரும் போன் நம்பரும். விளம்பரத்துக்காக இராஜமாணிக்கமே எழுதிக் கொடுத்தது.

ரேணுகாம்பாள் செல்போனோடு எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"ஏம்மா, இதுல இருக்கறது நீதான?"

"ஆமாங்க."

"இந்தப் பெட்டில எந்தப் பொடவ இருந்துச்சு?"

"அது வேறங்க, லோக்கல் சரக்கு," என்று உள்ளேயிருந்து இராஜமாணிக்கம் பதறிக்கொண்டு வந்தார். "உங்களுது கார்ல வந்துச்சு. எழிலு, சொல்லேன்."

எழிலரசி பெண்ணைப் பார்த்தாள். தலைப்பு இன்னும் அவள் தோளில்தான் இருந்தது. ஆமாம், வேறு என்று சொல்லிவிட்டால் முடிந்தது. மாணிக்கவேலின் பதினெட்டு நாள் தப்பிக்கும். ஆனால் இந்த வீடியோ வேனுக்கு முன்னாலேயே தேசூர் போய்ச் சேர்ந்துவிடும். பெட்டியில் இருந்தது எந்தப் புடவை என்று யாராவது ஒருத்தர் ஒருநாள் கண்டுபிடிப்பார்கள். பிறகு அந்த வீட்டில் ஒரு ஜுரம் வந்தாலும், ஒரு சண்டை வந்தாலும் அந்தப் பெண்ணைத்தான் பார்ப்பார்கள்.

"இதுதாங்க. பெட்டி பூட்டிதான் இருந்துச்சு. யாரும் தொடல. ஆனா பாடையில ஏறுனது ஏறுனதுதான்."

இராஜமாணிக்கம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ரேணுகாம்பாள் செல்போனைப் பையனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"செத்தது யாரு?"

"யாரும் சாவலீங்க. பெட்ரோல் வெலைக்கு எழவு எடுத்தாங்க."

"அந்த எழவு எங்க ஊட்லயும்தான் நடந்துகினு கீது," என்றாள் ரேணுகாம்பாள். "மூணு வேன் பேசினோம். இப்போ ஒண்ணு. சொந்தக்காரங்கள பஸ்ல வாங்கன்னு சொல்லிகினு கீறேன், மூஞ்சி குடுத்துப் பேச முடியல. யாரு ஏத்தறான், யாரு எறக்கறான்னு ஊட்டுக்காரரு நாள் பூரா டிவியில பாத்துகினு கீறாரு. அத்தப் பாத்தா வேன்காரன் கொறைச்சிப்பானா?" திரும்பி உள்ளே பார்த்தாள். "நிலா, அத்த மடிச்சிக் குடு."

பெண் மடிக்கவில்லை. தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"சொல்றேன்ல?"

"நல்லா கீதும்மா."

"நல்லாதான் கீது." ரேணுகாம்பாள் பெருமூச்சு விட்டாள். "முகூர்த்தத்துக்கு என் மனசு ஒப்பாது. தெரிஞ்சே கட்டி வுட மாட்டேன். மறுவூட்டுக்கு வெச்சிக்கோ. ஏங்க, முகூர்த்தத்துக்கு அந்த மெரூனக் காட்டுங்க. ஜல்தி, வேன்காரன் ஆரன் அடிக்கறான்."

பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது இரண்டு புடவைகளோடு அவர்கள் வேனில் ஏறினார்கள். பெண் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பானுப்ரியா, "சாயந்திரம் மறக்காம வந்துடுங்கக்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இராஜமாணிக்கத்தின் செல்போன் விடாமல் சிணுங்கியது. எடுத்துப் பார்த்துப் பார்த்து வைத்தார்.

"எங்க கட்சி குரூப்புல கேக்கறாங்க. உன் கடை பேரு எப்படி அவனுங்க பாடையில ஏறுச்சுன்னு. நான் இன்னான்னு சொல்றது? ஒரு பொய் சொல்ல வாய் வரல உனக்கு. என்னமோ என் நல்ல நேரம், ரெண்டா வித்துச்சு." மூலையிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து வாசல் வரை நகர்த்தினார். "மாணிக்கவேலுக்குப் பாவு. இன்னிக்கே போயாவணும். நாளைக்கு அவன் தறி சும்மா நிக்கக் கூடாது. அடுத்த மாசம் முழுக்க முகூர்த்தம்."

எழிலரசி மூட்டையைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

"பெட்ரோலுக்குத் தனியா குடுக்கணும்ங்க."

"என்ன?"

"பொடவைக்குக் கூலி இருக்கட்டும். வண்டி ஓடற தூரத்துக்குத் தனியா. வெல ஏறினா அதுவும் ஏறணும்."

இராஜமாணிக்கம் சிரிக்கப் பார்த்தார். "இத்த போயி உன் வண்டிய தூக்கினவனுங்க கிட்ட கேளு. இல்ல, கோட்டையில வரி வாங்கறவங்க கிட்ட கேளு. கடைக்காரனாம்மா வெல வெக்கறான்?"

"கோட்டைக்கும் டெல்லிக்கும் நான் பொடவ எடுத்துகினு போவலீங்க. உங்களுக்குத்தான் எடுத்துகினு வர்றேன்."

ஈரப் புடவை காலோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே புடவை மடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் மடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"வேற ஆளுக்கா பஞ்சம்?"

"இருப்பாங்க. கூப்புட்டுக்கங்க. அவங்க வண்டியும் தண்ணில ஓடாது."

அவர் மூட்டையைப் பார்த்தார். தெருமுனையைப் பார்த்தார். அங்கே துரையும் இன்னும் இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கடிகாரத்தைப் பார்த்தார். அங்கே அவருக்கு ஒரு வழி கிடைத்தது.

"புதன்கெழம. பன்னெண்டு அடிச்சாச்சு, ராகு காலம் பொறந்துடுச்சு. இப்போ எதுவும் பேச வேணாம். போயிட்டு வா, அப்புறம் பாக்கலாம்."

"ராகு காலம் ஒண்ணரைக்கு முடிஞ்சிடும்ங்க," என்றாள் எழிலரசி.

பாவு மூட்டையை வெயில் படாமல் நிழலுக்குத் தள்ளி வைத்தாள். படியில், போகிறவர்கள் வருகிறவர்களுக்கு வழி விட்டு, ஓரமாக உட்கார்ந்தாள்.